பிளஸ் ஒன் பிள்ளைக்கு எந்த லேப்டாப்?



தமிழ்நாட்டில் மாணவர்களுக்காக அதிக மடிக்கணினி வாங்கிய வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், எந்தக் கடைக்காரரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்: தமிழ்நாடு அரசு. அந்தக் கொள்முதலின் முதல் பெட்டிகள் பிரிக்கப்பட்டது, நம் ஊர் அத்திப்பட்டு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவுக்கு முன்னால் திட்டம் தேங்கிப்போகும் வரையில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையில் மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. செலவு ஏழாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது.

இலவசம் சரியா தவறா என்ற பட்டிமன்றத்துக்கு இந்த மேடை இல்லை. அது வேறு ஊரில், வேறு நாளில் நடக்கட்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி சின்னது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கடைக்குப் போனபோது என்ன கேட்டு வாங்கினார்? பிளஸ் ஒன் சேர்ந்த மகளுக்கு லேப்டாப் வாங்கலாம் என்று அத்திப்பட்டுப் புதுநகரில் ரயில் ஏறும் அப்பா, அந்தக் கொள்முதலிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்?

அரசு வாங்குவதில் ஒரு வசதி உண்டு. வீட்டு ஆள் கடையில் நுழைந்ததும் கடைக்காரர் பேச ஆரம்பிப்பார், ஆள் கேட்பார். அரசு அப்படி வாங்க முடியாது. என்ன வேண்டும் என்று முதலில் தாளில் எழுதி, டெண்டர் விட்டு, அப்புறம்தான் விலை பேச வேண்டும். அந்த வேலையைச் செய்தது எல்காட் என்கிற தமிழ்நாடு மின்னணு நிறுவனம். 2011இல் கொடுக்கப்பட்ட மடிக்கணினியில் 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தன. இயங்குதளம் இரண்டு: மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7இன் ஆகக் கீழ்ப்படி. 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. புதுக் கணினி கையில் கிடைத்ததும் எந்தப் பிள்ளையும் முதலில் செய்ய நினைப்பது தனக்குப் பிடித்த நடிகரையோ கிரிக்கெட் வீரரையோ திரையில் வைப்பதுதான். அந்த ஆசைக்கு மைக்ரோசாஃப்டே பூட்டுப் போட்டிருந்தது!

அடுத்த தாளுக்கு வருவோம். 2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதற்காக எல்காட் மறுபடியும் டெண்டர் விட்டது. டெல், ஏசர், எச்பி மூன்று நிறுவனங்களின் மடிக்கணினிகள் வாங்கப்பட்டு, 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. இந்த முறை இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. பாஸ் லினக்ஸ் இப்போதும் உண்டு.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராம் நாலு மடங்காகியிருக்கிறது. ஆனால் சேமிப்பு இடம் 320இலிருந்து 256ஆகக் குறைந்திருக்கிறது. பதினான்கு ஆண்டு கழித்துக் குறைவாகத் தருகிறார்கள் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. காரணம், ஜிபி கணக்கைவிடப் பெரிய மாற்றம் உள்ளே நடந்திருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒன்று உண்டு. அந்தத் தட்டுக்கு மேலே, தூசியைவிடச் சின்ன இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது எதிலாவது இடிபட்டால் முனை தட்டில் உரசும். உள்ளிருப்பது போனது போனதுதான். ஷேர் ஆட்டோவிலும் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலிலும் இடிபடும் ஸ்கூல் பைக்கு அது ஏற்ற பொருளே இல்லை. எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. கணினி திறக்கும் நேரமும் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கிவிடும். ஆகவே இன்று புதிதோ பழையதோ, ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள லேப்டாப்பை யாராவது "500 ஜிபி இருக்கு சார்" என்று காட்டினால், எஸ்எஸ்டி மாற்றித் தர எவ்வளவு என்று கேளுங்கள். அல்லது அடுத்த கடைக்குப் போங்கள்.

இனி பாடப்புத்தகம். லேப்டாப் வாங்கப்போகும் வீட்டில் யாரும் முதலில் புரட்டாத புத்தகம் அதுதான். முதலில் புரட்ட வேண்டியதும் அதுதான். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு கணினி அறிவியலில் சி++ இருக்கிறது. பன்னிரண்டில் பைத்தானும் எஸ்க்யூஎல்லும். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்குப் பதினொன்றில் ஓப்பன் ஆபீஸ். பன்னிரண்டில் பிஎச்பி, அதோடு பேஜ்மேக்கர். பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பு வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி அதில் புதுப் பதிப்பே போடவில்லை. இந்தப் பட்டியலில் எதற்கும் விலை உயர்ந்த கணினி தேவையில்லை. பைத்தான் இலவசம், ஓப்பன் ஆபீஸ் இலவசம், சி++ நிரல் எழுதும் கருவிகளும் இலவசம். பத்து வருடப் பழைய மடிக்கணினியிலும் இவை ஓடும்.

பிறகு எதற்கு 8 ஜிபி ராம்? பாடத்துக்காக இல்லை, பிரௌசருக்காக. இன்றைய இணையப் பக்கங்கள் கனமானவை. ஒரு பக்கம் யூடியூபில் பாடம், ஒரு பக்கம் பிடிஎஃப் புத்தகம், நடுவில் கூகுள் மீட் என்று வைத்தால் 4 ஜிபி ராம் மூச்சு வாங்கும். "ஹேங் ஆகுது" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 8 ஜிபி போதும். 16 இருந்தால் நல்லது. அதற்காக ஐந்தாறாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ராம் பின்னால் கூட்ட முடியுமா, இல்லை போர்டிலேயே பற்றவைத்ததா? தனி ஸ்லாட் இருந்தால் இரண்டு வருடம் கழித்துப் பணம் வந்தபோது கூட்டிக்கொள்ளலாம். மெல்லியதாக இருக்கிறது என்று மயங்கி வாங்கும் பல மாடல்களில் அந்த வழி அடைபட்டிருக்கும்.

அதே மாதிரி, மலிவு விலையில் வரும் சில புது மாடல்களையும் உற்றுப் பார்க்க வேண்டும். 2023 ஜூலை கடைசியில் ஜியோபுக் 16,499 ரூபாய்க்கு வந்தது: 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, ஜியோவின் சொந்த இயங்குதளம். ஆறாம் வகுப்புப் பிள்ளை பாடம் பார்க்கவும் எழுதவும் அது சரி. பிளஸ் ஒன்னில் சி++ ஓட்ட வேண்டிய பிள்ளைக்கு அதே பணத்தில் வேறு வழி இருக்கிறது. அந்த வழி சென்னை ரிச்சி தெருவின் பழைய லேப்டாப் கடைகள் வழியாகப் போகிறது. சற்று நேரத்தில் அங்கே போவோம்.

அதற்கு முன்னால் ஒரு சங்கடமான கேள்வி. லேப்டாப் வாங்கினால் மார்க் ஏறுமா?

உலகத்தில் இதை ஆகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு பெரு. அமெரிக்காவின் எம்ஐடியிலிருந்து நிக்கோலஸ் நெக்ரபோன்டே கிளப்பிய 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' இயக்கம், நூறு டாலரில் கணினி தருவோம் என்று 2005இல் அறிவித்தது. பெரு அரசு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கிக் கொடுத்தது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடத்திய ஆய்வை அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்டது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் ஏறியதாக ஆதாரம் கிடைக்கவில்லை. பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. இந்தியாவின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அந்த லேப்டாப் வேண்டாம் என்று 2006லேயே சொல்லிவிட்டது.

வேண்டாம் என்று சொன்ன தில்லி சும்மாயிருக்கவில்லை. காக்களூர் விழா நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அமைச்சர் கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். உலகின் மிக மலிவான டேப்லெட் என்ற பெயரோடு வந்த அதில் 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ராம். தொட்டால் போதாது, விரலால் அழுத்த வேண்டிய திரை. விலையிலிருந்து தொடங்கி, அந்த விலைக்குள் என்ன அடங்குமோ அதை அடைத்த பொருள் அது. தமிழ்நாடு செய்தது நேர் எதிர். பிள்ளை என்ன வேலை செய்யும் என்று எழுதி, அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டது. 2011இன் மடிக்கணினிகளில் சில இன்றும் ஜெராக்ஸ் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகாஷை எங்கே தேடுவது?

பெருவின் பாடம் லேப்டாப்பே வேண்டாம் என்பதில்லை. எட்டாம் வகுப்புக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குத் தனி லேப்டாப் என்பது பெரும்பாலும் பெற்றோரின் ஆசை. பிள்ளையின் தேவை அல்ல. மேல்நிலை வகுப்பில், அதுவும் கணினிப் பாடம் எடுத்த பிள்ளைக்கு, நிலைமை வேறு. பள்ளி ஹைடெக் லேபில் வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியடில் நிரல் எழுதிப் பழகுவது கடினம். தப்புத் தப்பாக எழுதி, எரர் வந்து, திருத்தி, மறுபடி எரர் வந்து பழக வேண்டிய வேலை அது. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கீபோர்டு வேண்டும். செல்போனில் அது நடக்காது.

இனி ரிச்சி தெருவுக்குப் போகலாம். அத்திப்பட்டிலிருந்து லோக்கல் ஏறினால் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் நிலையம். அங்கிருந்து அண்ணா சாலைப் பக்கம் ஆட்டோ. தெருவே கைபேசிக் கவர், ஸ்பீக்கர், ஒயர் என்று நெரிசலாக இருக்கும். மாடிப்படி ஏறினால் லேப்டாப் கடைகள். இங்கே விற்பதில் பெரும்பங்கு 'ரீஃபர்பிஷ்டு' என்கிற பழைய சரக்கு. ஐடி கம்பெனிகள் மூன்று, நாலு வருடக் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக், லெனோவோ திங்க்பேட் வரிசைகள். புது விலையில் ஒரு லட்சம் வரை போன இயந்திரங்கள். அலுவலகத்துக்காகச் செய்ததால் கீல் கெட்டி, கீபோர்டு நல்லது, பின்மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம், உதிரிப்பாகம் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு, அதே விலையில் புதிதாக ஷோரூமில் கிடைப்பது அரிது. இது சிலருக்கு உவப்பாக இருக்காது. புதுப்பெட்டியைப் பிரிக்கும் சந்தோஷத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும்.

பழைய சரக்கில் ஏமாறும் இடங்கள் மூன்று, நாலு இருக்கின்றன. முதலாவது, "ஐ5 சார், ஐ7 சார்" என்ற பேச்சு. அந்த ஐந்தும் ஏழும் பாதிக் கதைதான். மீதிக் கதை, கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-7600யூ என்றால் ஏழாம் தலைமுறை. உள்ளே இரண்டே கோர். ஐ3-1215யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். பெயரில் மூன்று போட்டிருப்பது ஏழு போட்டிருப்பதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எந்தத் தலைமுறை என்று கேட்காமல் விலை பேசவே கூடாது.

தலைமுறைக்கு இப்போது இன்னொரு முக்கியத்துவமும் வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் சந்தையில் மலிவாக வருகின்றன. "லெவன் போட்டுத் தரேன்" என்று கடைக்காரர் சொல்வார்; குறுக்கு வழியில் போடவும் முடியும். அப்படிப் போட்டதற்கு நாளைக்குத் திருத்தங்கள் ஒழுங்காக வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். லினக்ஸ் பரவாயில்லை என்றால் அந்த மலிவு ஆறாம் தலைமுறையே லாபம். அரசு கொடுத்த பாஸ் லினக்ஸையும் உபுண்டுவையும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸில்தான் ஓடுகின்றன; அங்கே பிள்ளைகள் படிக்காமலா போய்விட்டார்கள்?

இரண்டாவது பேட்டரி. "பேக்கப் மூணு மணி நேரம் நிக்கும்" என்ற வாக்குறுதியை நம்ப வேண்டியதில்லை; கணினியே சாட்சி சொல்லும். விண்டோஸில் ஒரு வரிக் கட்டளையில் பேட்டரி அறிக்கை வந்துவிடும். எப்படி என்று யூடியூபில் இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்று ஒரு எண்ணும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்று இன்னொரு எண்ணும் இருக்கும். முதலாவது, பிறந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது, இன்றைக்கு மிச்சம் இருப்பது. 50,000க்கு 25,000 என்று காட்டினால் பேட்டரி பாதிக் கொள்ளளவை இழந்துவிட்டது. அதற்காக லேப்டாப்பையே ஒதுக்க வேண்டாம். புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். 2018இல் வந்த திங்க்பேட் டி480 போன்ற மாடலில் இரண்டு பேட்டரி. அதில் ஒன்றை வெளியிலிருந்தே கழற்றி மாட்டலாம். ராமுக்கும் அதில் இரண்டு ஸ்லாட்.

மூன்றாவது, பூட்டு. கம்பெனியில் ஓடிய லேப்டாப்பில் பயோஸ் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். அதை எடுக்காமல் விற்றால் நாளைக்கு விண்டோஸ் மாற்றும் நாளில் கதவு திறக்காது. கடையிலேயே அணைத்து, திறக்கும்போது டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 தட்டி பயோஸுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து கோடோ கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். நோட்பேடில் எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். சீல் வைத்த பில்லும், குறைந்தது ஆறு மாத வாரண்டியும் எழுத்தில் வாங்குங்கள். மூடியில் அரசு முத்திரை பதித்த லேப்டாப் சல்லிசாக வந்தால் தொடவே வேண்டாம். அது ஒரு மாணவருக்குப் படிக்கக் கொடுத்த பொருள்.

லேப்டாப் அத்திப்பட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. எந்த விளம்பரத்திலும் வராத சில விஷயங்கள் இந்த ஊருக்கே உரியவை.

இங்கே சுற்றிலும் மின்சாரம் தயாராகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200. 2024 மார்ச்சில் தொடங்கிய மூன்றாம் கட்டம் 800. வல்லூர் நிலையம் 1,500. காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி இந்த வட்டாரத்தில் எரிகிறது. மாநிலத்துக்கே விளக்கேற்றும் ஊரில், ஜன்னல் கம்பியில் படியும் சாம்பல்தூசியைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்பின் அடியில் காற்றை உறிஞ்சும் ஒரு துளை, பக்கவாட்டில் சூட்டைத் தள்ளும் ஒரு துளை, நடுவில் கட்டைவிரல் நீள விசிறி. வெளியேறும் வாயில் தாமிரத் தகடுகள் சீப்புப் பல் போல நெருக்கமாக நிற்கும். தூசி போய் அடைவது அங்கேதான். மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பயன்படுத்தினால் துளை மூடிக்கொள்ளும். பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளம் மாதிரி அப்பிவிடும். பிராசசர் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் "பழசாயிடுச்சு, ஸ்லோவா இருக்கு" என்று புதிதுக்கு அடிபோட ஆரம்பிப்பார்கள். பல நேரம் தேவைப்படுவது விசிறி சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றும் ஒரு சர்வீஸ்தான். சென்னையின் மற்ற பகுதியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்வதை இங்கே வருடம் ஒருமுறை செய்யலாம். பின்மூடி எளிதாகத் திறக்கும் மாடல் வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகவும்தான்.

கரண்ட் பற்றி இரண்டு பயம் உண்டு. ஒன்று, பில் ஏறுமா? பள்ளி வேலை செய்யும்போது சாதாரண லேப்டாப் 30 வாட் சுற்றி இழுக்கும். தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏழெட்டு யூனிட். ஒரு பழைய சீலிங் ஃபேன் இதைவிட அதிகம் சாப்பிடும். இன்னொன்று, வோல்டேஜ் ஏற்ற இறக்கம். நிறுவனத்தின் அசல் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஸ்டெபிலைசர் வேண்டாம். ஆனால் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்தோ, இரண்டு முள் அடாப்டர் போட்டோ செருகாதீர்கள். சார்ஜ் ஏறும்போது உலோக மூடியைத் தொட்டால் சுரீரென்று லேசாக இழுப்பது எர்த் இல்லாத வீடுகளில் சகஜம். அது லேப்டாப்பின் கோளாறு இல்லை, சுவரின் கோளாறு. டூப்ளிகேட் சார்ஜர் வேறு விஷயம்; அதில் இந்தத் தாங்கும் கணக்கெல்லாம் செல்லாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், மணலி வட்டாரத்தில் வெள்ளம் புகுந்த வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இருந்த எல்லாம் போயின. நனைந்த லேப்டாப் ஓடுகிறதா என்று உடனே ஆன் பண்ணிப் பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது. தண்ணீரைவிட, தண்ணீரோடு ஓடும் மின்சாரம்தான் போர்டை எரிக்கும். அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு சர்வீஸ் ஆளிடம் கொடுத்தால் பிழைக்க வழி உண்டு. பிள்ளையின் புராஜெக்ட்டும் குறிப்புகளும் கூகுள் டிரைவிலோ ஒரு பென்டிரைவிலோ இன்னொரு நகலாக இருந்தால் அந்த நாளில் அழுகை பாதியாகும்.

பணத்துக்கு வருவோம். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 30,000 ரூபாய்ப் பெட்டியில் ஏறக்குறைய 4,576 ரூபாய் வரி. ஸ்ரீபெரும்புதூரில் டெல் 2007லிருந்து தொழிற்சாலை நடத்துகிறது; இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் செய்கிறார்களே, மலிவாகக் கிடைக்காதா என்று சிலர் கேட்பதுண்டு. கிடைக்காது. சிப்பும் திரையும் கடல் தாண்டி வருகின்றன. விலையை நிர்ணயிப்பதும் அவைதான். 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததில், ராம் விலை உலகெங்கும் எகிறியது. இருக்கும் ராமோடு வரும் பழைய லேப்டாப்புக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று எழுதி வைத்திருப்பார்கள். வட்டியே இல்லாமல் கடன் கொடுக்க யாருக்கும் நேர்த்திக்கடன் இல்லை. பூஜ்ய வட்டி என்ற பெயரில் வட்டியை வேறு கட்டணமாக மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கம் கொடுத்தால் என்ன விலை, இஎம்ஐயில் என்ன விலை, பிராசசிங் ஃபீஸ் எவ்வளவு என்று மூன்று எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கான்ட்ராக்ட் வேலைச் சம்பளத்தில், இரண்டு மாதம் ஷிஃப்ட் குறைந்தால் தவணை தவறிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் 45,000 ரூபாய்ப் புது லேப்டாப்பைத் தவணையில் எடுப்பதைவிட, கைக்காசில் முடிகிற பழைய திங்க்பேட் நிம்மதி.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸிலேயே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். இரண்டு வாரம் பழகினால் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும் முறையைவிட விரல் வேகமாக ஓடும். தட்டச்சு தெரிந்த பிள்ளைக்கு விடுமுறையில் டிடிபி கடையில் வேலையும் கிடைக்கும்.

கடைசியாக, பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடுகள். பள்ளி மாணவர்களுக்கான பழைய திட்டம் நின்றுபோனது. புதிய அறிவிப்பு கல்லூரி மாணவர்களுக்கு. கல்லூரியில் கிடைக்கும் என்று அறிவிப்பை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது. கிடைத்துவிட்டால், இப்போது கடன் வாங்கி எடுத்தது இரண்டாவது லேப்டாப் ஆகிவிடும். போதாததற்கு, எந்தப் படிப்பு என்று தெரியாமல் எந்த லேப்டாப் என்று முடிவெடுக்கவும் முடியாது. பி.காம். சேரும் பிள்ளைக்கு அரசு தரும் அந்த 8 ஜிபி ஐ3 மூன்று வருடம் தாங்கும். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் என்று போனால் முப்பரிமாண வரைபட மென்பொருளுக்குத் தனி கிராஃபிக்ஸ் அட்டை கேட்பார்கள். அதன் விலையே வேறு. பொறியியல் கலந்தாய்வு 2018லிருந்து இணையத்தில்தான் நடக்கிறது. கல்லூரியும் பாடப்பிரிவும் கைக்கு வரும்வரை பெரிய தொகையை வெளியே எடுக்க வேண்டாம். அதுவரைக்கும் பைத்தான் ஓடுகிற, விருப்பப் பட்டியல் பதிவு செய்ய இணையம் திறக்கிற ஒரு எட்டாம் தலைமுறைப் பழைய லேப்டாப் போதும். முதலாண்டு சேர்ந்த பிறகு, துறையில் என்ன மென்பொருள் சொல்லித் தருகிறார்கள் என்று சீனியர் மாணவர்களிடம் கேட்டு, அந்த மென்பொருளின் தேவைப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.